'பெனின்சுலா' எங்கே சறுக்கியது? காட்சி காட்சியாகப் பேச உதவி வேண்டும்

அல்சூர்_திரைவட்டம் கேட்டது:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்த்துப் பேசுகிறோம். இந்த மாதம் கொரிய இயக்குநர் யோன் சாங்-ஹோவின் இரண்டு ஜாம்பிப் படங்கள். சனிக்கிழமை மாலை 'ட்ரெய்ன் டு பூசான்' (2016), ஞாயிறு மாலை அதன் தொடர்ச்சியான 'பெனின்சுலா' (2020).

முதல் படத்துக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவதுதான் கவலை. "முதல் படம் மாதிரி இல்லப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எல்லோரும் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அதே இயக்குநர், கையில் கூடுதல் பணம், காங் டோங்-வோன் மாதிரி பெரிய நடிகர். அப்படியிருந்தும் ஏன் ஒட்டவில்லை என்று காட்சியைக் காட்டிப் பேச வேண்டும் என்பது ஆசை.

எந்தக் காட்சியை எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைக்கலாம்? கோளாறு கதையிலா, கம்ப்யூட்டரில் உருவாக்கிய காட்சிகளிலா (சிஜி)? இடையில் அதே இயக்குநரின் 'சியோல் ஸ்டேஷன்' அனிமேஷனையும் போடலாமா? 12, 13 வயதுப் பிள்ளைகள் உட்காரலாமா? எங்களிடம் இருப்பது சாதாரண ப்ரொஜெக்டர். இரவுக் காட்சிகள் தெரியுமா என்ற பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டி_எண்_9 எழுதியது:

முதல் படம் ஒரு வரைபடம். இரண்டாவது படத்தில் வரைபடம் இல்லை. நான் பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு சார்ட் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். 9 முதல் 15 வரை ஏழு பெட்டிகளை வரிசையாகப் போடுங்கள். தேஜோன் நிலையத்தில் ராணுவத்தினரே ஜாம்பிகளாகித் துரத்த, தப்பி ஓடி வண்டியில் ஏறுகிறவர்கள் சிதறிப்போகிறார்கள். கதாநாயகன் சோக்-வூ, சக பயணி சாங்-ஹ்வா, பேஸ்பால் பையன் யோங்-குக் மூவரும் 9-ல். சோக்-வூவின் மகள் சு-ஆன், சாங்-ஹ்வாவின் கர்ப்பிணி மனைவி சோங்-க்யோங், ஒரு பாட்டி, வீடற்ற மனிதர் நால்வரும் 13-ன் கழிப்பறையில். மற்ற பயணிகள் 15-ல். நடுவில் இருப்பதெல்லாம் ஜாம்பி. இந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு அந்த நடுப்பகுதி முழுவதையும் சொல்லிவிடலாம். யார் எங்கே இருக்கிறார், யாரிடம் போக வேண்டும், வழியில் எத்தனை கதவு என்பது பார்ப்பவருக்கு விரல்நுனியில் இருக்கும்.

உங்கள் ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். கன்டோன்மென்டில் ஏறி ஷதாப்தி சேர் காரில் காட்பாடி போகாதவர் உங்களில் யார் இருப்பார்? இரண்டு பக்கமும் இருக்கை, நடுவில் ஒருவர் மட்டும் நடக்கும் வழி, தலைக்கு மேல் சாமான் பரண், பெட்டி முடியும் இடத்தில் கழிப்பறை, அதற்கப்பால் அடுத்த பெட்டிக்குப் போகும் இடைவெளி. படத்தின் சண்டை முழுவதும் இந்தப் பொருட்களுக்குள்ளேதான் நடக்கிறது. துப்பாக்கி மாதிரி ஆயுதம் எதுவும் கிடையாது. சாங்-ஹ்வா முன்கையில் டேப்பைச் சுற்றிக்கொள்கிறார், பையனிடம் பேஸ்பால் மட்டை, சோக்-வூவிடம் கலவரத் தடுப்புக் கேடயம். அவ்வளவுதான்.

அடுத்து விதிகள். போகப் போகப் படம் மூன்று விதிகளைச் சொல்லித்தருகிறது. ஒன்றைக்கூட வசனமாகப் பாடம் நடத்தவில்லை, கண் முன்னால் செய்து காட்டுகிறது. ஜாம்பிக்குக் கதவைத் தள்ளித் திறக்கத் தெரியாது. பார்த்தால்தான் பாயும். இருட்டில் கண் தெரியாது, சத்தத்தைத் தேடிப் போகும்.

இதில் இரண்டாவதை அறிமுகப்படுத்தும் இடத்தைக் கட்டாயம் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முகங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. சோங்-க்யோங் கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்துச் செய்தித்தாளை ஒட்டுகிறாள். தாள் நனைந்து ஒட்டிக்கொள்ள, மறுபக்கம் வெறி அடங்குகிறது. ரயிலில் யார் கையிலும் இருக்கக்கூடிய இரண்டே பொருட்கள், ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பேப்பரும். அந்த நொடியிலிருந்து பார்ப்பவரும் யோசிக்கத் தொடங்குகிறார். "அப்போ இருட்டா இருந்தா?" என்று அவர் கேட்பதற்குள் சுரங்கம் வந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு பெட்டியும் வேறு மாதிரிக் கடக்கப்படுகிறது. ஒரு பெட்டியில் நேருக்கு நேர் கைகலப்பு, ஒன்றில் சுரங்கத்து இருட்டு, கைபேசி மணியை ஒலிக்கவிட்டுத் திசைதிருப்புவது, சாமான் பரணில் தவழ்ந்து போவது. ஒரே தந்திரத்தை அப்படியே திரும்பச் செய்வதில்லை.

'பெனின்சுலா'வுக்கு வாருங்கள். ஜாம்பிகளிடம் விழுந்த கொரியாவுக்குள் நான்கு வருடம் கழித்து, பணம் ஏற்றிய ஒரு லாரியை எடுத்துவரச் சிலர் திரும்பிப் போகிறார்கள். விதிகள் அதேதான். ராத்திரியில் கண் தெரியாது, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஓடி வரும். ஆனால் அந்த விதி கதாபாத்திரங்களுக்கு இப்போது இடைஞ்சலாக இல்லை, வசதியாக இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட ராணுவக் கும்பலான 631-வது பிரிவு ஆட்கள் வானத்தில் ஒளிக்குண்டு விட்டு ஜாம்பிகளை வரவழைக்கிறார்கள். அங்கேயே பிழைத்திருக்கும் மின்-ஜங் என்ற தாயின் சின்ன மகள் யூ-ஜின், விளக்கு எரியும் ரிமோட் காரை ஓட்டி அவற்றை வேறு பக்கம் இழுக்கிறாள். இரண்டும் நல்ல யோசனைகள்தான். பிரச்சினை என்னவென்றால் ஜாம்பி கருவியாகிவிட்டது, பயமாக இல்லை. காரில் அடித்துத் தள்ளும்போது அது சாலையோரப் பிளாஸ்டிக் கூம்புக்குச் சமம். கடி படுவோமோ என்ற கவலை காருக்குள் இருக்கும் எவருக்கும் இல்லை.

இடமும் அப்படியே. இன்சோன் துறைமுகத்துக்கும் அந்த லாரி நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? மின்-ஜங்கின் வீடு ராணுவ முகாமிலிருந்து எந்தப் பக்கம்? படம் முடிந்த பிறகும் யாராலும் காகிதத்தில் வரைந்து காட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சார்ட் பேப்பரைக் கொடுத்து வரையச் சொல்லிப் பாருங்கள். உங்கள் விவாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ரெண்டர்_ராத்திரி எழுதியது:

பெட்டி எண் 9 சொன்னதோட சேர்த்து சிஜி பக்கத்தையும் சொல்லிடறேன். "சிஜி மோசம்"னு பொத்தாம்பொதுவா சொன்னா விவாதம் ஓடாது. எது மோசம், ஏன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

முதல் படத்துல ரயில் ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி கட்டிட்டுப் பின்னாடி படத்தை ஒட்டல. செட் பெட்டிக்கு வெளியே எல்இடி திரைகளை நிறுத்தி, ஓடற காட்சியை அதுல ஓடவிட்டுப் படம் பிடிச்சாங்க. இதுல என்ன லாபம்னா வெளிச்சம். மரம் கடந்தா முகத்துல நிழல் ஓடும், கண்ணாடில பிம்பம் ஓடும், கண்ணுல புள்ளி மின்னும். நடிகருக்கும் வெளியே எதையோ பார்க்கறோம்னு தெரியும். அதை அப்புறமா கம்ப்யூட்டர்ல சேர்க்கறது படு கஷ்டம். சேர்த்தாலும் பல நேரம் ஒட்டாது.

ஜாம்பிகளும் பெரும்பாலும் நிஜ உடம்புகள். நடன ஆட்களை வெச்சு அசைவு பயிற்சி கொடுத்தாங்க. முட்டி ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்னு உடம்பு ஒடிஞ்சு எழுந்திருக்கறதைக் கவனிங்க. தேஜோன்ல கண்ணாடி உடைஞ்சு மேலேர்ந்து விழுந்து எழுந்து ஓடற காட்சில சிஜி இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி நிஜ உடம்பு எப்படி அசையுதுன்னு நம்ம கண்ணு பழகிடுச்சு. அதனால நம்பறோம்.

'பெனின்சுலா' கடைசி கார் துரத்தல் கிட்டத்தட்ட முழுசா கம்ப்யூட்டர்ல செஞ்சது. அங்க மூணு விஷயம் உதைக்குது.

முதல்ல எடை. பிரேக் போட்டா வண்டி மூக்கு கீழ இறங்கணும். வளைஞ்சா உடம்பு வெளிப்பக்கம் சாயணும், வெளிப்பக்க டயர் அமுங்கணும். முப்பது நாப்பது உடம்பு மேல மோதினா வேகம் குறையணும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கணும். இதுல வண்டி வழுக்கிட்டே போகுது. கூட்டத்துக்குள்ள பக்கவாட்டுல சறுக்கி, அடிச்சுத் தள்ளிட்டு, அதே வேகத்துல வெளில வருது. கண்ணுக்குக் கணக்கு தெரியாட்டாலும் வயிறுக்குத் தெரிஞ்சிடும்.

ரெண்டாவது கேமரா. முதல் படத்துல கேமரா பெட்டிக்குள்ள அடங்கியாகணும். அதனால தோள் உயரத்துல, முகத்துக்குக் கிட்ட நிக்குது. மூச்சு முட்டுது. இதுல கேமராவுக்கு உடம்பே இல்ல. டயருக்கு அடில போகுது, சுத்தி வருது, மேல ஏறுது. எங்க வேணா போற கேமரா பார்க்கறவனைப் பத்திரமான இடத்துல உட்கார வெச்சிடும்.

மூணாவது முகமும் வண்டியும் பொருந்தல. வண்டி 180 டிகிரி திரும்பறப்ப உள்ள இருக்கறவர் தலை எதிர்ப்பக்கம் தூக்கி அடிக்கணும், தோள் கதவுல இடிக்கணும். மின்-ஜங்கோட மூத்த மகள் ஜூனி ஓட்டறப்ப வெளி ஷாட்டுக்கும் உள் ஷாட்டுக்கும் வெட்டி வெட்டி வரும்போது கழுத்தை மட்டும் பாருங்க. வெளில இருக்கற வேகம் உள்ள வராது. ஜூனியா வர்ற லீ ரே நல்லா நடிச்சிருக்கா, அவ மேல தப்பே இல்ல. அசைவு குடுக்க வேண்டிய இடத்துல குடுக்கல.

ஒரு சோதனை: துரத்தல்ல ரெண்டு நிமிஷம் சத்தத்தை அணைச்சு ஓட்டுங்க. இன்ஜின் உறுமலும் மோதற சத்தமும்தான் அந்த வண்டிகளுக்கு எடை குடுத்துட்டு இருந்ததுன்னு எல்லாருக்கும் புரியும். அப்புறம் முதல் படத்துல கிழக்கு தேகுவுக்கு அப்புறம் வர்ற இன்ஜின் காட்சி, அதான் ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு தொங்கி ஜாம்பிக் கூட்டம் மூட்டையா இழுபடுமே, அதையும் சத்தமில்லாம ஓட்டுங்க. அங்கயும் சிஜி இருக்கு. ஆனா இழுக்கற பாரம் தெரியும்.

காக்ஸ்டவுன்_வாசகி எழுதியது:

ரெண்டர் ராத்திரி சார் சொன்ன சோதனை நல்ல யோசனை. ஆனால் சிஜிதான் காரணம் என்று பேச்சு முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். முதல் படத்தின் தொடக்கத்தில் லாரி அடித்துப்போட்ட மான் எழுந்து நிற்கிறதே, அது சிஜி என்பது பார்த்தவுடன் தெரியும். யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா? அந்த மான் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறது. கேள்வி பிடித்துக்கொண்டால் கண் மன்னித்துவிடும். 'பெனின்சுலா' துரத்தலில் கேள்வியே இல்லை, அதனால்தான் கண் குறை தேடுகிறது.

எனக்குப் பெரிய ஏமாற்றம் விலை. ஒருவர் ஒரு முடிவை எடுத்தால் அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பது.

முதல் படத்தில் சோக்-வூ நிதி மேலாளர். பாட்டிக்கு இடம் கொடுத்த மகளிடம், இந்த மாதிரி நேரத்தில் உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்கிறார். அப்பா தன்னை மட்டுமே நினைப்பதால்தான் அம்மா போய்விட்டாள் என்று பிறகு அந்தப் பிள்ளை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். படம் முழுக்க அந்த ஒரு வரியைத்தான் அவர் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறார். நோய் கசிந்த நிறுவனத்துக்குத் தன் நிதி முட்டுக்கொடுத்தது என்று தெரிந்ததும் கழிப்பறையில் கையிலிருக்கும் ரத்தத்தைக் கழுவிக்கொண்டே உடைந்து அழுவார். யாருக்கும் எதையும் விளக்க மாட்டார்.

அவருடைய முடிவையும் 'பெனின்சுலா'வில் மின்-ஜங்கின் முடிவையும்தான் நான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். சோக்-வூவுக்குக் கையில் கடி. கழுத்தில் பட்டால் நொடிகளில் மாறிவிடுவார்கள், கையில் பட்டால் கொஞ்சம் அவகாசம் உண்டு என்பதைச் சாங்-ஹ்வா விஷயத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆகவே எத்தனை நிமிடம் இருக்கிறது என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குள் மகளை இன்ஜினில் உட்கார வைக்கிறார், சோங்-க்யோங்கிடம் பிரேக்கைக் காட்டுகிறார், பின்பக்கம் போய் நிற்கிறார். பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திய நினைவு வருகிறது. அவர் விழுவதைப் படம் காட்டவில்லை, நிழல் விழுவதைக் காட்டுகிறது.

மின்-ஜங் காலில் குண்டடி பட்டு லாரிக்குள் ஏறி ஹாரனை அழுத்தி ஜாம்பிகளைத் தன் பக்கம் இழுக்கிறாள். யோசனை அருமை. இத்தனை நேரம் சொன்ன சத்த விதி, ஒரு தாயின் முடிவோடு சேர்கிற இடம் அது. அதோடு நிறுத்தியிருந்தால் கலங்கியிருப்போம். படம் நிறுத்தவில்லை. மெதுவசைவு, பிள்ளைகளின் அழுகை, ஏறிக்கொண்டே போகும் இசை, திரும்ப அவள் முகம், திரும்ப அழுகை. கடைசியில் அவள் காப்பாற்றப்படுகிறாள். அழ வைத்ததற்கு ஈடாக எதையும் இழக்கவில்லை. காப்பாற்றியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்தக் குடும்பம் பிழைக்கட்டும். ஆனால் சாகப் போகிறாள் என்று அவ்வளவு நேரம் அழுத்தி அழுத்திச் சொன்னது கூடாது.

பாட்டையும் சொல்ல வேண்டும். சு-ஆன் பள்ளி நிகழ்ச்சியில் 'அலோஹா ஓயே' பாடி, அப்பா வராததால் பாதியில் நிறுத்திவிடுகிறாள். அதைக் காணொளியில் அவர் பார்க்கிறார். நாம் மறந்துவிடுகிறோம். கடைசிச் சுரங்கத்தில் அதே பாட்டை அழுதுகொண்டே பாடி நடந்து வரும்போது, சுடச் சொல்லி உத்தரவு வந்த வீரர்கள் மனிதக்குரல் என்று உணர்ந்து துப்பாக்கியைத் தாழ்த்துகிறார்கள். தொடக்கத்தில் கேட்ட பாட்டு, நடுவில் பழகிய இருட்டு, அப்பாவுக்கு எட்டாமல் போன குரல், எல்லாம் ஒரே சுரங்கத்தில் வந்து சேர்கின்றன.

'பெனின்சுலா'விலும் இப்படி ஒரு விதை இருக்கிறது, அதுதான் ஆதங்கம். தொடக்கத்தில் கதாநாயகன் ஜங்-சோக் தன் அக்கா குடும்பத்தோடு காரில் போகும்போது சாலையோரம் குழந்தையோடு கெஞ்சும் குடும்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறான். நான்கு வருடம் கழித்து அவனைக் காப்பாற்றுபவள் அதே பெண், மின்-ஜங். இதைவிடப் பலமான முடிச்சு ஒரு தொடர்ச்சிக்குக் கிடைக்காது. அதை ஒரு பேச்சிலேயே அவிழ்த்துவிட்டு, 20 மில்லியன் டாலர் லாரியின் பின்னால் ஓடிவிடுகிறது கதை.

நன்றாக இருப்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கப்பல் காட்சி முதல் படத்தின் தரத்தில் இருக்கிறது. அக்கா மகன் கடிபட்டுவிட்டான், அக்கா விட்டுவர மறுக்கிறாள், தம்பி ஜங்-சோக் கதவைச் சாத்துகிறான். ஒரு கதவு, இரண்டு பக்கமும் சொந்தம். பிறகு கேப்டன் சோவாக வரும் கூ க்யோ-ஹ்வான். தப்பிக்க ஆசைப்படும் கோழையை அவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார். பிடித்து வந்தவர்கள் மேல் எண் எழுதி, ஜாம்பிகளோடு அடைத்து, யார் மிஞ்சுவார் என்று பந்தயம் கட்டும் அந்தக் கூடத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது நமக்கு இடம் தெரிகிறது, நேரம் ஓடுவது தெரிகிறது. பெட்டி எண் 9 சொன்ன வரைபடம் இந்தப் படத்தில் இருக்கும் ஒரே இடம் அது என்பேன்.

அல்சூர்_திரைவட்டம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சார்ட் பேப்பர் வாங்கியாயிற்று. வாசகி அக்கா, 'சியோல் ஸ்டேஷன்' பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னொன்று: வசூலை வைத்துப் பேசலாமா? எங்கள் குழுவில் ஒருவர் "டிக்கெட் கணக்கே தீர்ப்பு" என்கிறார்.

காக்ஸ்டவுன்_வாசகி எழுதியது:

'சியோல் ஸ்டேஷன்' பிள்ளைகளுக்கு வேண்டாம் தம்பி. வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு பெண், அவளைத் தேடும் ஆண்கள், நிலையத்தில் படுத்திருக்கும் வீடற்றவர்கள் என்று போகும். முடிவு மிகக் கொடுமை. பெரியவர்கள் தனியாகப் பார்க்கலாம், அதுவும் 'ட்ரெய்ன் டு பூசா'னுக்குப் பிறகு. யோன் சாங்-ஹோ அடிப்படையில் அனிமேஷன்காரர். 'தி கிங் ஆஃப் பிக்ஸ்' (2011), 'தி ஃபேக்' (2013) எல்லாம் அனிமேஷன்தான், 2016-ல் வந்ததுதான் அவருடைய முதல் நடிகர் படம். 'சியோல் ஸ்டேஷ'னில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த ஷிம் உன்-க்யோங்தான் ரயில் கிளம்பும் கடைசி நொடியில் காலில் காயத்தோடு ஏறும் பெண்ணாக வருகிறார். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே போதும், படத்தைப் போட வேண்டியதில்லை.

வயது: இரண்டு படங்களுக்கும் கொரியாவில் 15 வயதுக்கு மேல் என்ற சான்றிதழ். 12, 13 வயதுக்கு முதல் படத்தின் ரத்தத்தைவிட அப்பா சாவதுதான் அதிகம் பாதிக்கும். பெற்றோர் முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வசூல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. முதல் படத்துக்குக் கொரியாவில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் டிக்கெட். இரண்டாவது 40 லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் அது வெளியான தேதி 15 ஜூலை 2020. பெருந்தொற்று நடுவே, இருக்கை விட்டு இருக்கை உட்கார்ந்திருந்த காலம். அந்தச் சூழலில் அத்தனை பேர் போனதே முதல் படத்தின் மேல் இருந்த பாசம். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் காட்சியைப் பேசுங்கள்.

மடிவாளா_ஒலிபெருக்கி எழுதியது:

ப்ரொஜெக்டர் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். 'பெனின்சுலா' முக்கால்வாசி இரவில் நடக்கிறது. அறை சரியில்லை என்றால் படத்தின் குறையையும் உங்கள் ப்ரொஜெக்டரின் குறையையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். அது அந்தப் படத்துக்கு அநியாயம்.

சாதாரண ப்ரொஜெக்டரில் கறுப்பு என்பது சாம்பல். சுவரில் அடிக்கும் எந்த வெளிச்சமும் அதை இன்னும் வெளுக்க வைக்கும். ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள், கதவடியில் கசியும் வராந்தா விளக்கையும் மறையுங்கள். கோடையில் ஏழு மணிக்குப் பிறகு தொடங்கினால் நல்லது. திரையைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். அகலத்தைப் பாதியாக்கினால் அதே வெளிச்சம் கால்வாசிப் பரப்பில் விழும், நான்கு மடங்கு பளிச்சென்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆறு, ஏழு அடி அகலம் தாராளம்.

அமைப்பில் 'டைனமிக்', 'விவிட்' எதுவும் வேண்டாம். 'சினிமா' என்று இருப்பதைப் போட்டு, ப்ரைட்னஸை இரண்டு மூன்று புள்ளி மட்டும் ஏற்றிப் பாருங்கள். லாரியைத் தேடும் இரவுக் காட்சியில் அவர்கள் போட்டிருக்கும் உடையின் மடிப்புத் தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் முழுப் படமும் பனிமூட்டம் போலாகும். அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் கட்டாயம் அணையுங்கள். அது இருந்தால் கார்கள் இன்னும் எடையில்லாமல் தெரியும், ரெண்டர் ராத்திரி சொன்ன சோதனை பாழாகிவிடும்.

மொழி: கொரியக் குரலும் துணைவசனமும்தான். டப்பிங் வேண்டாம். சாங்-ஹ்வாவாக வரும் மா டோங்-சோக் மனைவியிடம் குழைவதும் எதிரியிடம் உறுமுவதும் ஒரே தொண்டையில் வருகிறது, அதை வேறு குரல் கெடுத்துவிடும். 'பெனின்சுலா'வில் தொலைக்காட்சிப் பேட்டியும் ஹாங்காங் பகுதியும் கொரியமல்லாத மொழிகளிலும் போகும். அங்கே துணைவசனம் விட்டுப்போகிறதா என்று முன்னாளே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பேட்டியில்தான் நாடு எப்படி விழுந்தது என்ற முழு விளக்கமும் இருக்கிறது. முதல் படம் செய்து காட்டியதை இரண்டாவது படம் உட்கார்ந்து சொல்கிறது என்று பேச இதுவும் ஒரு நல்ல இடம்.

ஒலி: லேப்டாப்பிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால் ஆடியோவை ஸ்டீரியோவாக மாற்றிவிடுங்கள். ஐந்து சேனல் அப்படியே போனால் நடுச் சேனலில் இருக்கும் பேச்சு அமுங்கி, வெடிச்சத்தம் மட்டும் காதை அடைக்கும். ஓடிடி சந்தாக்கள் வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். பொது அரங்கில் போடுவதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும், இலவசமாகக் காட்டினாலும்.

பெட்டி_எண்_9 எழுதியது:

நேரக் கணக்கு மட்டும் சேர்க்கிறேன். படங்கள் 118, 116 நிமிடம். ஞாயிறு படம் முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை விட்டு விளக்கைப் போடுங்கள், இல்லையென்றால் ஆள் கலைந்துவிடுவார்கள். பிறகு நான்கே துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள்: செய்தித்தாள் ஒட்டுவது, பந்தயக் கூடம், துரத்தலில் சத்தமில்லாத இரண்டு நிமிடம், இன்ஜினில் விழும் நிழல். லாரி ஹாரன் காட்சியை மறுபடி போட வேண்டாம், இப்போதுதான் பார்த்திருப்பார்கள், மனதில் இருக்கும். நிழல் காட்சியைக் கடைசியாக வையுங்கள். அதைப் போட்டுவிட்டு உடனே பேசச் சொல்லாதீர்கள், ஒரு நிமிடம் விடுங்கள். 15-வது பெட்டியில் அக்காவின் நிலையைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடும் பாட்டியைப் பற்றி யாராவது தானாகக் கேட்பார்கள். கேட்டால் அந்தச் சார்ட் பேப்பரை எடுத்து, அவர் எந்தப் பக்கம் நின்றிருந்தார் என்று கேட்டவரையே குறிக்கச் சொல்லுங்கள்.